அத்தான் வெட்டிய நாற்பது விநாடி

முன்னாள் ஜனாதிபதி இறந்த அன்று காலை நான் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அவருடைய பழைய பேச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒருத்தர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆயிரம் சொல்லுங்க, மனுஷன் பேச்சுல ஒரு தடங்கல் உண்டா? தண்ணி மாதிரி ஓடும். அதெல்லாம் பிறவியிலயே வரணும்" என்றார்.  ஜனாதிபதிக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. பிறவியிலேயே திக்குவாய். அவரைத் தண்ணீர் மாதிரி ஓடவிட்டவர் என் அக்கா புருஷன். இதை டிப்போவில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் கண்டக்டர். முப்பத்தி நாலு வருஷம் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தி ஓய்வு பெற்றவன். வாய் இருக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள், நான் அப்படிப் பிழைத்தவன். அத்தான் நேர்மாறு. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று முக்கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊமையோ என்று அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் எழுந்து செருப்பு மாட்டும்போது, "ஃபேன்ல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு, சத்தம் கேக்குது" என்றார். எங்களில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. அவர்கள் போனதும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். லூசாகத்தான் இருந்தது. மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்.

அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது. ரேடியோ நிலையத்தில் இரண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை, டேப் வெட்டும் வேலை. ஒரு தடவை என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு சக்கரங்கள், நடுவில் பழுப்பு நிறத்தில் டேப் ஓடும். பேசுகிறவர் இருமினால், எச்சில் விழுங்கினால், ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னால், அத்தான் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி அந்த இடத்தைப் பிடிப்பார். வெள்ளைப் பென்சிலால் கோடு போடுவார். முகம் மழிக்கிற பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, நடுத்துண்டு தரையில் விழும். இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிவிட்டால் இருமல் இருந்த சுவடே தெரியாது. "மூச்சை மட்டும் வெட்டக் கூடாது மச்சான். மூச்சை வெட்டினா பொம்மை பேசுற மாதிரி ஆயிடும்" என்றார். சாயந்திரம் கூட்டுகிறவர் வந்து, ஊரில் உள்ள பெரிய மனிதர்களின் இருமலையெல்லாம் முறத்தில் அள்ளிக்கொண்டு போவார். நிலையத்தில் அத்தானுக்குப் பெயரே பிளேடுதான்.

ஜனாதிபதி முதலில் கணக்கு வாத்தியார். கணக்குக்குப் பேச்சு வேண்டாம், கரும்பலகை போதும். வாத்தியார்கள் சங்கத்துக்கு மனு எழுத ஆள் தேவைப்பட்டது, எழுதினார். எழுத்தில் திக்கமாட்டார். அப்படியே சங்கச் செயலாளர், சட்டசபை, பிறகு போக்குவரத்து மந்திரி. எங்களுக்கு வார விடுமுறை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான், அந்த நன்றியை நான் மறக்கவில்லை. கட்சியில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டபோது இரண்டு பக்கத்துக்கும் பகையில்லாத ஆள் என்று இவரைத் தூக்கி வைத்தார்கள். பேசத் தெரியாதவனுக்கு எதிரி குறைவு. ஐம்பத்தி இரண்டாவது வயதில் ஜனாதிபதி.

மேடையில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார். "வணக்கம், நன்றி, வேலையைப் பாருங்க" என்று இறங்கிவிடுவார். அடக்கமான மனிதர் என்று ஜனங்கள் புகழ்ந்தார்கள். அவர் நிஜமாகப் பேசியது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ரேடியோவில், பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குச் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பதிவு நடக்கும். ஜனாதிபதி மாளிகையில் புத்தக அலமாரிகள் உள்ள அறைக்கு அத்தான் மெஷினோடு போவார். அவர் காகிதத்தை வைத்துக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போடுவார். ஞாயிறு மத்தியானம் அத்தான் அதை வெட்டி ஒட்டி ஆற்றொழுக்காக்குவார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட "பேச்சில் அவரை மிஞ்ச முடியாது" என்றார்கள். ஜனாதிபதி மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லை. தன் குரல் தனக்கே பிடிக்காது, ஞாயிறு ஐந்து மணிக்கு வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்.

நிலையத்தில் ஒரு விதி. காகிதத்தில் இருப்பது இருக்கலாம், காகிதத்தில் இல்லாதது நாக்குப் பிசகு, அது போக வேண்டும். எழுதி மாட்டிய விதி இல்லை. அத்தானே தனக்குப் போட்டுக்கொண்டு, பிறகு எல்லோரும் அதையே விதி என்று நம்பிவிட்டார்கள்.

ஜனாதிபதி பதவிக்கு வந்த மூன்றாவது வருஷம் சிமெண்ட் ஆலை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைநிறுத்தம் பன்னிரண்டாவது நாள். ஒன்பது பேர் செத்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமைப் பதிவில் காகிதத்தை வாசித்து முடித்தார். "விசாரணை நடக்கும், அமைதி காக்கவும்", வழக்கமான சங்கதி. கூட இருந்த அவருடைய செயலாளர் போன் வந்து வெளியே போயிருந்தார். அறையில் ஜனாதிபதி, அத்தான், மெஷின், அவ்வளவுதான். அவர் காகிதத்தை மடித்து வைத்தார். அணைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு காகிதத்தில் இல்லாத ஒன்றைப் பேசினார். திக்கித் திக்கி, நடுவில் அழுது, நாற்பது விநாடி. முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அத்தானைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஞாயிறு மத்தியானம் அத்தான் வழக்கம்போல் வெட்டினார். கடைசித் துண்டு வந்தது. முழுக்கத் திக்கல், முழுக்கக் காகிதத்துக்கு வெளியே. அதோடு சேர்த்தால் பதினைந்து நிமிஷம் நாற்பது விநாடி, அது இல்லாவிட்டால் கச்சிதமாகப் பதினைந்து. நிலைய இயக்குநர் லீவில் இருந்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் வெட்டச் சொல்லவும் இல்லை. வெட்டிவிட்டார். "புரியாம வெட்டினேன்னு நினைக்காதீங்க மச்சான். நல்லாப் புரிஞ்சுது. கை முன்னாடி போயிடுச்சு. பதினஞ்சு நிமிஷம் சரியா வந்ததும் எனக்கு சந்தோஷமா இருந்துது. அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றார் என்னிடம், இருபத்தெட்டு வருஷம் கழித்து.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை ஜனாதிபதி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், "போன வாரம் க... கடைசியில சொன்னது... வந்துதா?" என்று கேட்டிருக்கிறார். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. இன்னொரு தடவை பேசியிருப்பார், ஒரு வாரத் தாமதம், அவ்வளவுதான். அத்தான், "வந்துதுங்க ஐயா" என்றார்.

அவர் நம்பிவிட்டார். ஒன்பது வீட்டில் ஒரு வீடாவது பதில் சொல்லும் என்று காத்திருந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை. எப்படி வரும்? "நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை" என்று ஜனாதிபதியிடம் கேட்கிற தைரியம் சுற்றியிருந்தவர்களில் எவனுக்கு இருந்தது? அதன்பிறகு அவர் சிமெண்ட் ஆலைப் பக்கம் போகவில்லை. முகம் இறுகிப்போனது. ஆலைக்காரர்கள் நஷ்ட ஈடு கேட்டு வந்தபோது பார்க்க மறுத்தார். கல்நெஞ்சன் என்றார்கள். இரண்டாவது தடவை சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார், மூன்றாவது தடவை தோற்றார். தோற்றபின் வாடகை வீட்டில் இருபது வருஷம் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் எண்பத்தி மூன்றாவது வயதில் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் போய்ப் பேட்டி எடுத்தார். ஆலைச் சாவைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் அப்பவே ரேடியோவில் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள்தான் பதில் சொல்லவில்லை" என்று பதில் வந்தது. ஊர் கொதித்துப்போனது. ரேடியோ நிலையம் பழைய டேப்பைத் தேடி எடுத்து முழுசாகப் போட்டுக் காட்டியது. பதினைந்து நிமிஷம், தண்ணீர் மாதிரிப் பேச்சு, மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தலையங்கம் எழுதினார்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கிற கார்ட்டூன் போட்டார்கள். அவர் பெயர் வைத்த பள்ளிக்கூடம் பெயரை மாற்றியது. என் பஸ்ஸிலும் அதே பேச்சுதான். நானும் சில்லறை கொடுத்துக்கொண்டே, "வயசான காலத்துல பொய் எதுக்குய்யா" என்று சொன்னவன்தான்.

அந்த வாரம்தான் அத்தான் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அடுப்படியில் இருந்தாள், அவளுக்கும் அதுவரை தெரியாது. பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன்? எழுதவே கை கூசுகிறது. "சும்மா கெடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க அத்தான். உங்க பொண்ணு அதே ரேடியோவுல இருக்கா, வேலை இன்னும் நிரந்தரமாகல. ஒம்பது வீட்டுக்காரங்களும் நாளைக்கு உங்க வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவீங்க? அவரு பெரிய மனுஷன், எவ்வளவோ தாங்கினவரு, இதையும் தாங்குவாரு" என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்துப் பேப்பரில் மூன்று வரிச் செய்தி வந்தது. முன்னாள் ஜனாதிபதி வருத்தம் தெரிவித்திருந்தார். "வயதாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை போலிருக்கிறது" என்று. அந்த மனிதர் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

அன்று காலை பத்தரை மணி டிரிப்பில் அத்தான் ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. நான் கிட்டே போனதும் ஆஸ்பத்திரி முனைக்கு டிக்கெட் கேட்டார். அந்த ஸ்டாப்பில் இறங்கினால் நாலாவது வீடு முன்னாள் ஜனாதிபதியுடையது. எனக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழிக்காமல், "வேணாம் அத்தான்" என்றேன். "அவரு பொய் சொல்லலைன்னு அவருக்காவது தெரியணும் மச்சான்" என்றார். ஆஸ்பத்திரி முனை வந்தது. இறங்குகிறவர் இவர் ஒருத்தர்தான், ஏற யாரும் இல்லை. அத்தான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்தார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் இரண்டு விசில் கொடுத்து, "ரைட், போலாம்" என்றேன். பஸ் நிற்காமல் போனது.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம், நடக்கவில்லை. கடைசி ஸ்டாப் வரை வந்து, அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸில், இறங்க நிற்கிற பயணியை வைத்துக்கொண்டு ஸ்டாப்பைத் தாண்டியது அந்த ஒரு தடவைதான். இரண்டு மாதத்தில் அக்கா பெண்ணுக்கு வேலை நிரந்தரமானது. நாலு மாதத்தில் முன்னாள் ஜனாதிபதி இறந்தார், தான் அந்த மன்னிப்பைக் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டே.

டிப்போவில் அந்த டீயைக் குடித்த பிறகு நான் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தான் வெட்டிய இடங்கள் அவருக்கு மட்டும் தெரியும், ஒவ்வொரு இடத்திலும் விரல் லேசாக ஆடியது. "போலாம் அத்தான்" என்றேன். "இனிமே எங்க போறது?" என்றார். ஒன்பது வீடு இருக்கிறதே என்றேன்.

எட்டு வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், அல்லது போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒரே ஒரு அம்மா, ஆலைச் சாலையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். புருஷன் சாகும்போது பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, வயிற்றில் ஒன்று. நாங்கள் போனபோது பள்ளிக்கூடச் சீருடைகளை ஒவ்வொன்றாக விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணி கொடுக்க வரவில்லை என்று தெரிந்ததும், "உக்காருங்க, கை நிக்காது, சொல்லுங்க கேக்கிறேன்" என்றார்.

அத்தான் சொன்னார். மறைக்காமல் சொன்னார். கை முன்னாடி போனது, பதினைந்து நிமிஷம் சரியாக வந்தது, சந்தோஷப்பட்டது, "வந்துதுங்க ஐயா" என்றது, எல்லாம். பஸ்ஸை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா நிமிராமல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் துண்டு இருக்கா?"

"இல்லம்மா. அன்னைக்கே குப்பையில போயிடுச்சு."

"அப்போ உங்க வாய்தான் சாட்சி."

"ஆமாம்மா."

"என்ன சொன்னாரு? சுருக்கிச் சொல்லாதீங்க. எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க."

அத்தான் எழுந்து நின்றார். வெட்டுவதற்கு முன் அந்தத் துண்டை எத்தனை தடவை உருட்டிக் கேட்டிருப்பாரோ, வெட்டிய பிறகு இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டியிருப்பாரோ. அவர் வாயிலிருந்து வந்தது அவர் குரல் இல்லை.

"நா... நான்... நான்தான் சொன்னேன். போ... போன்ல கேட்டாங்க. செ... செய்யுங்கன்னு... நான்தான் சொன்னேன்."

அங்கே நிறுத்தினார். அது மறதி இல்லை, டேப்பில் அந்த இடத்தில் மௌனம் இருந்தது. ஒரு சின்னப் பெண் சீருடை வாங்க வாசலில் வந்து "அம்மா" என்றாள். அந்த அம்மா பேசாதே என்று கையைத் தூக்கினார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார். அத்தான் மூக்கை உறிஞ்சினார், அதுவும் அவருடையது இல்லை.

"அந்த ஒ... ஒம்பது வீட்டுலயும்... ம... ம... மன்..." அந்த ஒரு வார்த்தையில் மட்டும் நாலு தடவை முட்டி நின்றார். "மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வா... வாய் இல்ல. கேக்கிறேன்."

அந்த அம்மா மேஜையிலிருந்து ஒரு சீருடையை எடுத்து மடித்தார். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சீருடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். "கேட்டிருக்காரு" என்றார். "என் பெரியவன் அவரு கார் மேல கல்லடிச்சு ரெண்டு வருஷம் உள்ள இருந்தான். இதைக் கேட்டிருந்தா அடிச்சிருக்க மாட்டானோ என்னமோ. அது போகட்டும். அவரு பேச வேண்டியதைப் பேசிட்டீங்க. நீங்க பேச வேண்டியது?"

 அத்தான் திக்குவாய் இல்லை, ஆனாலும் அதே வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் எப்படியோ சொல்லி முடித்து, அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க" என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல். "இப்பவே பதில் கேக்காதீங்க. நீங்க இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கிட்டீங்க. எனக்கும் கொஞ்ச நாள் குடுங்க." பிறகு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு? உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

நான் வாயைத் திறந்தேன். முப்பத்தி நாலு வருஷம் நிறுத்தாமல் பேசிய வாய். அத்தான் என் முகத்தைப் பார்த்தார், தம்பியின் முகத்தை அண்ணன் பார்ப்பதுபோல் அவ்வளவு பரிவோடு. "என் மச்சான்மா. துணைக்கு வந்தாரு" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.